இறக்கம் கேட்கும் கூலி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தாலும் வழியில் மேடு என்று சொல்ல மேம்பாலங்கள்தான் உண்டு. துறைமுகக் கிரேனையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் விட்டால் அண்ணாந்து பார்க்க வேறொன்றும் இல்லை. இந்தத் தட்டை நிலத்துக்காரர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஜி.என்.டி. சாலையைப் பிடித்துத் தடா அருவிக்கும் நாகலாபுரம் மலைக்கும் கிளம்புகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் கோவைக்கு ரயிலேறி வெள்ளியங்கிரியின் ஏழு மலைக்குப் போகிறார்கள். எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான்: ஏறும்போது மூச்சு தாங்குமா? அதற்காகக் கடலோரச் சாலையில் ஓடிப் பழகுகிறார்கள். மூச்சும் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து, பஸ் படியில் நேராக இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால் வைக்கும்போதுதான் கணக்குப் புரிகிறது. கூலி கேட்பது இறக்கம்.

படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிக்கொண்டே உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. கப்பலிலிருந்து கண்டெய்னரை இறக்கும் கிரேன், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் போல. இந்த 'பிடித்து இறக்கும்' வேலைக்கு ஆகும் செலவு வியப்பானது. 1952இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர், தன் காலை நோக்கிப் பின்பக்கமாகச் சுற்றி வரும் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுப்பவரைவிட மிதிப்பவருக்குப் பல மடங்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தே வாட்டசாட்டமான ஆணைக் களைக்க வைத்தார்.

நீளும் தசைக்கு அதே பாரத்தைத் தாங்கக் குறைவான இழைகளே போதும். அதனால்தான் செலவு குறைகிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: வேலைக்கு வந்த ஒவ்வோர் இழையின் தலையிலும் கூடுதல் சுமை விழுகிறது. இழைக்குள் இருக்கும் நுண்ணிய சுருங்கும் அலகுகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டுச் சேதமாகின்றன. வீக்கமும் வலியும் உடனே வருவதில்லை. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொடுகின்றன. மலையிலேயே நடப்பது இன்னொன்று. வலி வருமுன்பே தசையின் பலம் இறங்கிவிடுகிறது. மூச்சு வாங்காததால் 'தெம்பாகத்தானே இருக்கிறோம்' என்று வேகம் கூட்டுவோம், முட்டி நடுங்கும், கால் இடறும். ஆஸ்திரிய மலைகளில் விழுந்தவர்களைப் பற்றிய ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இறங்கும்போதுதான் விழுந்திருந்தார்கள்.

இனி நல்ல செய்தி. இப்படி ஒருமுறை அடிபட்ட தசை ஆறும்போது தன்னைத் திருத்திக்கொள்கிறது. அடுத்த முறை அதே வேலைக்குச் சேதமும் வலியும் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு பயிற்சி தரும் இந்தக் காப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். உடம்பில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காப்பீடு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மலை வேண்டாம், படிக்கட்டு போதும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, காலடிப்பேட்டையிலும் தேரடியிலும் உயரமான நிலையங்கள் வந்துவிட்டன. எஸ்கலேட்டரில் ஏறி, படியில் இறங்க வேண்டும். ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு. காவலாளி ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் குடியிருந்தால் அந்தச் சங்கடமும் இல்லை. ஒரு படி 15 செ.மீ. என்றால் 600 மீட்டர் இறக்கத்துக்கு 4,000 படி ஆகும். முதல் நாளே அத்தனையும் இறங்கினால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. இருநூறு, முந்நூறில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டே போகலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிட வேண்டும். தைவானில் பருமனான மூத்த பெண்களை 12 வாரம் லிஃப்டில் ஏற்றிப் படியில் இறங்க வைத்தார்கள். இன்னொரு குழு படி ஏறி லிஃப்டில் இறங்கியது. தொடை பலத்திலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் இறங்கியவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று 2017இல் எழுதினார்கள். நோகாமல் இறங்கியவர்களுக்குத்தான் பலன் கூடுதல்!

எண்ணூர்ப் புழுக்கமும் ஒருவகையில் உதவுகிறது. வெயிலில் பத்து, பதினான்கு நாள் அளவாக நடந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். மலையடிவாரச் சூட்டைத் தாங்க இது பெரிய துணை.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் மாண்ட நினைவு இருப்பதால், 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவற்றை மூடியும் வைத்தது. படிக்கட்டுப் பயிற்சிக்கு அந்த இரண்டு மாதம் தாராளம்.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை ஏறி முடித்ததும் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். இறங்கும்போது தடியூன்றினால் முட்டியில் விழும் பாரம் கால்வாசி வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். ஷூ நாடாவையும் உச்சியில் ஒருமுறை அவிழ்த்து, கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். கால் முன்னே சரிந்து கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது அதில் பாதி நின்றுவிடும். மீதிக்கு, முந்தைய நாளே நகம் வெட்டிக்கொள்ள வேண்டும்.