தெய்வச் செயல் (சட்டம்)

தெய்வச் செயல் என்பது மனிதத் தலையீடு இன்றி இயற்கை ஆற்றலால் மட்டுமே நிகழும், முன்கூட்டி எதிர்பார்க்கவோ உரிய கவனத்துடன் தடுக்கவோ இயலாத பேரழிவைக் குறிக்கும் சட்டக் கருத்தாகும். நிலநடுக்கம், ஆழிப்பேரலை, முன்னெப்போதும் இல்லாத வெள்ளம் ஆகியவை எடுத்துக்காட்டுகள். பேரழிவு நிகழ்ந்தது என்பது மட்டும் போதாது. தன் கவனக்குறைவு அதில் கலக்கவில்லை என்பதையும் விலக்குக் கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும்.

முக்கியத் தீர்ப்புகள்

இங்கிலாந்தின் நிக்கல்ஸ் எதிர் மார்சுலாந்து வழக்கில் (1876), என்றும் காணாத மழையால் செயற்கை ஏரிகள் உடைந்து பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஏரிகளின் உரிமையாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகரம் சமீன்தாரின் பழைய ஏரிகள் பெருமழையில் உடைந்து இருப்புப்பாதையைச் சேதப்படுத்தின. மெட்ராஸ் இரயில்வே நிறுவனம் தொடுத்த வழக்கில் 1874-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பாசனத்துக்காக ஏரிகளைப் பராமரிப்பது சமீன்தாரின் கடமை. எனவே கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார் என அது கூறியது.

கல்லுலால் எதிர் ஹேம்சந்த் வழக்கில் (1958), சுவர் இடிந்து குழந்தைகள் இறந்தனர். அன்று பெய்த 2.66 அங்குல மழை, மழைக்காலத்தில் எதிர்பார்க்கத்தக்கதே என்று கூறி மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் விலக்கை மறுத்தது.

ஒப்பந்தங்களில்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56-ஆம் பிரிவின்படி, நிறைவேற்ற இயலாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாததாகிறது. 65-ஆம் பிரிவின்படி, பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். செலவு கூடுவது மட்டும் 'இயலாமை' ஆகாது.

எடுத்துக்காட்டாக, கொடைக்கானல் மேல்மலையில் உள்ள போளூரின் விவசாயி ஒருவர், குறிப்பிட்ட தன் வயலில் விளையும் பூண்டை விற்க ஒப்பந்தம் செய்ததாகக் கொள்வோம். அந்த வயலே மண்சரிவில் அழிந்தால், பூண்டு தரும் கடமை நீங்கும். வாங்கிய முன்பணம் அவரிடமே தங்காது. வயலைக் குறிப்பிடாமல் 'பத்து மூட்டை பூண்டு' என்று மட்டும் ஒப்பந்தம் இருந்தால், வேறிடத்தில் வாங்கியாவது தர வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் மழையில் அடைபடும் சாலையைக் காரணம் காட்டுவதும் கடினம்.

விலக்கு பொருந்தாத இடம்

எம். சி. மேத்தா வழக்கில் (1987), அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு 'முழுமைப் பொறுப்பு' உண்டு என உச்ச நீதிமன்றம் வகுத்தது. அத்தகைய ஆலையின் விபத்தில் தீங்கு நேர்ந்தால், தெய்வச் செயல் என்ற எதிர்வாதம் செல்லாது.