தொப்பியும் மரியாதையும்

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் பெரியோர். அச்சிரசின்மேல் ஏறியமரும் தொப்பிக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

மேனாட்டுச் செல்வர் நெடுங்காலம் விரும்பியணிந்தது, பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உரோமத்தை அழுத்திச் செய்த தொப்பியாகும். வேட்டையால் ஐரோப்பாவில் அவ்விலங்கு அருகவே, வணிகர் வட அமெரிக்கக் காடுகளை நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டாலான நெட்டைத் தொப்பி அதன் இடத்தைப் பிடித்தது. குதிரையேறிச் செல்லும் வேட்டைக்காடு காவலரின் நெட்டைத் தொப்பியை மரக்கிளைகள் தட்டிவிட்டன. ஆதலின் 1849ஆம் ஆண்டில், இலண்டன் லொக் கடையின் வாயிலாகக் கடினமான, உருண்டையான பௌலர் தொப்பி உருவாயிற்று. கீழ்நாட்டு வெயிலுக்கோ வெள்ளையர் சோலாத் தொப்பியை அணிந்தனர். தஞ்சைக் கைவினைஞர் கோயில் வடிவங்களைச் செதுக்கும் நெட்டியே அதன் மூலப்பொருள்!

தொப்பியின் உருவம் மாறினும் ஒரு வழக்கம் மாறவில்லை. மரியாதை செய்யவேண்டின் மேனாட்டார் தொப்பியைக் கழற்றுவர். நாமும் ஆலயத்தில் தலைப்பாகையை அவிழ்க்கிறோம். ஆனால் தோப்பூரில் நம் அயலவரான முஸ்லிம்கள் தலையை மறைத்தே தொழுகின்றனர். பணிவு ஒன்றே, அதன் அடையாளங்களே வேறு.

இவ்வுண்மை உணரப்படாதபோது விளைந்ததே 1905ஆம் ஆண்டின் தொப்பி வழக்கு. குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றில் தோன்றிய நியாயவாதி எம். சி. அப்துல் காதரைப் பிரதம நீதியரசர் லேயாட் தடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டித்தனர். பின்னர் அத்தடை நீங்கிற்று.

விந்தை யாதெனில், அத்தொப்பியும் ஒருகால் அரசாணையாற் பரவியதே. 1829இல் துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தலைப்பாகைக்குப் பதிலாக அதனை உத்தியோகத்தருக்கு விதித்தார். 1925இல் கமால் அத்தாதுர்க்கின் அரசு அதனையே விலக்கி, மேனாட்டுத் தொப்பியைச் சட்டமாக்கியது!

மாணவர்களே, தொப்பியை அணிவிப்பதும் அகற்றுவதும் அதிகாரத்திற்கு எளிது. மரியாதையோ உள்ளத்தில் விளைவது. அதனைச் சட்டத்தால் வரவழைக்க இயலாது. பிறர் தலையில் இருப்பதை நோக்கி நகையாடுமுன், அதன்கீழ் ஒரு மனிதரின் மானமும் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்வோமாக.