கூரைச் சீற்றில் கைவைக்க முன்

கச்சான் வீசும் மாதங்களில் திருக்கோவில், தம்பிலுவில் வீடுகளில் நடுப்பகலில் மின்விசிறிக்குக் கீழே இருந்தாலும் வேர்க்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோரத்தில் அவசரமாக எழுந்த வீடுகளில் பல அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவை. இன்று அவற்றைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் ஏசியின் விலையை விசாரிக்கிறார்கள். முதற்செலவு கூரைக்குத்தான் போகவேண்டும். வெயிலில் காய்ந்த சீற் அனலைக் கீழே இறக்குகிறது. விசிறி காற்றை அசைக்குமே தவிர அனலைத் தடுக்காது. சீற்றுக்குக் கீழே ஓரிரு அங்குலம் வெளி விட்டு, மினுங்கும் பக்கம் அந்த வெளியைப் பார்க்க அலுமினியத் தாளை விரித்தால் அனலின் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். சீற்றோடு ஒட்டவிட்டால் போட்ட காசு வீண். அதன் பிறகும் ஏசி வேண்டுமென்றால் 26 பாகை போதும்.

ஆனால் கூரையில் கைவைப்பதுதான் ஆபத்தான கட்டம். 'இத்தனை வருடம் இதன் கீழேதானே இருந்தோம், என்ன வந்தது?' என்று கேட்பார்கள். உடையாத சீற்றிலிருந்து தூசி அதிகம் வராது, உண்மைதான். வெட்டும்போதும், துளைக்கும்போதும், கம்பித் தூரிகையால் பாசி சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கின்றன. அவை தரும் நுரையீரல் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். வெள்ளை அஸ்பெஸ்டஸ் சீமெந்தில் கட்டுண்டது, பாதுகாப்பானது என்பது விற்பவர்களின் வாதம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தது. வெள்ளையின் இறக்குமதியை 2018 முதல் நிறுத்தப்போவதாகவும் அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில், வெள்ளை அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா நம் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியதும் அந்த முடிவு தள்ளிப்போனது. தள்ளிப்போட்டது வர்த்தகம், மருத்துவம் அல்ல.

ஓடு போட வசதியில்லாதவர்கள் நல்ல நிலையிலுள்ள சீற்றைக் கழற்றத் தேவையில்லை. தாளைச் சீற்றில் துளையிடாமல் மரத்தில் அடித்தால் போதும். புதுச் சீற்றை 'அஸ்பெஸ்டஸ் இல்லாதது' என்று சொல்லி விற்றால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. கழிவுச் சீற்றை எங்கே போடுவது என்று பிரதேச சபையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலைநாளில் முடிவைச் சொல்லவேண்டும். கழற்றியே ஆகவேண்டுமென்றால் பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீற்றை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.