கான்கிரீட்டுக்கு முந்தைய நாள்

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும் மேஸ்திரி கேட்பார்: "எலெக்ட்ரீஷியன் பைப் போட்டாச்சா?" மறுநாள் காலை கான்கிரீட். எந்த வயர் எந்த வழியாகப் போகும் என்பது பெருமளவு அன்று மாலையே முடிவாகிவிடுகிறது. ஸ்மார்ட் சமாச்சாரமெல்லாம் குடிபோகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வீட்டில், புதுப் பெயின்ட் அடித்த சுவரில் கட்டிங் மெஷின் ஏறும்.

முதலில் கேட்க வேண்டியது நியூட்ரல். சாதாரணச் சுவிட்சுக்கு அது தேவையில்லை. ஃபேஸ் வந்து விளக்குக்குப் போனால் போதும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் எப்படியும் இருக்கும். மாடிப்படியிலும் கட்டில் தலைமாட்டிலும் உள்ள தனிச் சுவிட்ச் பெட்டிகளில்தான் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து வைஃபைக்குக் காது கொடுக்க வேண்டியது. அதற்கே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகையும் கடையில் கிடைக்கிறது. அது விளக்கு வழியாகவே சிறு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். குறைந்த வாட் எல்இடி பல்பாக இருந்தால், அணைத்த பிறகும் மங்கலாக எரியும்; சிலது மினுக்கும்.

ஆகவே எல்லாப் பெட்டிக்கும் ஒரு கறுப்பு வயர் இழுக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தந்த சர்க்யூட்டின் நியூட்ரலே வர வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஈபி லைனின் நியூட்ரலும் கலந்துவிட்டால், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும்; தொல்லை தாங்காமல் அதையே கழற்றிவிடுவார்கள். உயிரைக் காக்கும் கருவி அது. சுவிட்சுக்குப் பின்னால் ஸ்மார்ட் மாட்யூல் உட்கார இடமும் வேண்டுமென்பதால், கடையில் கிடைப்பதிலேயே ஆழமான பெட்டியாக வாங்குவது நல்லது.

நம் ஊர் வீட்டில் குரலுக்கு எரியும் விளக்கைவிட, தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் மோட்டாரே பெரிய உதவி என்பது என் கட்சி. அதற்கு மாடித் தொட்டியிலிருந்தும் சம்பிலிருந்தும் மோட்டார் சுவிட்ச் வரை சென்சார் வயருக்கென்று தனிப் பைப் வேண்டும். 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதைச் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் உள்ளேயிருக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்காது. நடுவில் அந்தக் கரண்டைத் தாங்கும் ஒரு கான்டாக்டர் போடுங்கள்.

கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வைஃபை திணறித்தான் போகும். ஹாலில் ரவுட்டர் வைக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும், கேட் கேமராவுக்கும் கேட்6 கேபிள் ஓட்டிவிட்டால் கவலையில்லை. கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பலாம். பவர் வயர் போகும் பைப்பில் மட்டும் இதைத் திணிக்கக் கூடாது. ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் பாயின்ட் இல்லையென்றால், கரண்ட் போனதும் வீட்டின் புத்திசாலித்தனமும் போய்விடும்.

பிஎல்டிசி ஃபேன் வாங்குவதென்றால் பழைய ரெகுலேட்டர் வேண்டாம், வெறும் சுவிட்ச் போதும். கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார் சார்ஜருக்கென 32 ஆம்பியர் தாங்கும் தனி லைன், மொட்டை மாடியிலிருந்து மீட்டர் வரை சோலாருக்கு ஒரு காலிப் பைப்: இரண்டையும் இப்போதே கேட்டுவிடுங்கள். காலிப் பைப்பில் இழுகம்பி விட்டு வைக்க மறக்க வேண்டாம்.

கருவிகள் சில வருடங்களில் மாறிவிடும். பைப் சுவருக்குள்ளேயேதான் கிடக்கும். பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரிலும் டேப் பிடித்து அளவு தெரியும்படி செல்போனில் படம் எடுத்துவையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்க வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.