அடிக்கிற கையும் பாடுகிற வாயும்

எங்கள் அப்பா மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்துப் பாடுவார். ஒரத்தநாட்டுப் பக்கம் அப்போதெல்லாம் அடிக்க ஒருவர், பாட ஒருவர் என்று யாரும் பிரித்து வைத்ததில்லை. உடுக்கையின் இடுப்பைப் பிடித்துக் கயிற்றை அழுத்தினால் அதன் குரல் ஏறும், விட்டால் இறங்கும். அப்பாவின் தொண்டை ஏறும்போது கயிறு அழுந்தும், தொண்டை இறங்கும்போது கயிறு தளரும். தெரிந்துதான் செய்கிறீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டும் ஒரே மூச்சுதானே தம்பி" என்றார்.

எனக்கு வாய்த்தது டிரம் செட். தஞ்சாவூரில் பழைய செட் ஒன்றை வாங்கி, திருவிழாக் கச்சேரிகளில் இருபது வருஷத்துக்கு மேல் அடித்தேன். வைகாசி மாதம் ஒரு கச்சேரியில் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அடுத்து இருந்தது மலேசியா வாசுதேவன் பாட்டு. என் குரல் கொஞ்சம் கனமானது என்பதால் மைக் ஸ்டாண்டை வளைத்து என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பல்லவி தப்பித்தது. சரணத்தில் தாளம் ஓட ஆரம்பித்தது. தபலா வாசித்த அண்ணன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். இறங்கியதும் தோளில் கைபோட்டு, "மாஸ்டர், வாய் ஓடுச்சு, பின்னாடியே கையும் ஓடிட்டு" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. அடித்துக்கொண்டே பாடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? டிரம்ஸ்காரரின் வலது கை ஹை-ஹாட் தட்டுகளில் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். இடது கை ஸ்நேர் டிரம்மில் விழும். வலது கால் பேஸ் டிரம்மை மிதிக்கும், இடது கால் ஹை-ஹாட்டைத் திறந்து மூடும். நாலும் நாலு வேலை. பாட்டின் சொற்களோ தாளத்தின் மேலேயே வந்து உட்காராது. ஒன்று தாளம் விழுந்து ஒரு இழை தள்ளி எடுக்கும், இன்னொன்று முந்திக்கொண்டு எடுக்கும். நாலு வேலையும் பிசகாமல் நடக்க, வாய் மட்டும் தாளத்தை விட்டு நழுவி நழுவித் திரும்பி வரவேண்டும். மூச்சு வேறு. ஓங்கி அடிக்கும்போது வயிறு இறுகும். இறுகிய வயிற்றோடு நீண்ட வரியைப் பாட முடியாது.

என் தங்கை மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பை என் மடியில் வைத்து, "மாமா, இந்த ஆளு உங்கள மாதிரியே அடிச்சுக்கிட்டே பாடுறாரு பாருங்க" என்றான். தாடி வைத்த ஒல்லியான வெள்ளைக்காரர். செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, மைக்கை எட்டிப் பிடிப்பதுபோல் கழுத்தை நீட்டிப் பாடுகிறார். ஆங்கிலம் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் வார்த்தை வரும் இடத்தில் அவர் கை ஒதுங்கி வழிவிடுவது தெரிந்தது. வார்த்தை போனதும் கை வந்து அந்த இடத்தை நிரப்பியது. அன்று ராத்திரி அந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எண்ணவில்லை.

அவர் பெயர் லெவான் ஹெல்ம். அவரும் ஒரு டெல்டாக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஆர்கன்சா மாநிலம். இன்றைக்கு அந்த நாட்டில் நெல் அதிகம் விளைவது அங்கேதான். 1940 மே 26-ல் பிறந்து, டர்க்கி ஸ்க்ராட்ச் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா அம்மா பருத்தி விவசாயம். பக்கத்து ஊரான ஹெலினாவின் வானொலி நிலையத்திலிருந்து மதிய நேரத்தில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சி வரும். ஒரு மாவு வியாபாரத்துக்கான விளம்பர நிகழ்ச்சிதான். அதில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற கறுப்பினக் கலைஞர் மவுத் ஆர்கன் வாசித்துப் பாட, பெக் கர்ட்டிஸ் டிரம்ஸ் அடிப்பார். வயலில் வேலை பார்த்தவர்களுக்கு மத்தியானம் என்றாலே அந்தப் பாட்டுத்தான். சிறுவன் லெவான் நேரில் போய் பெக் கர்ட்டிஸின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். இதைப் படித்தபோது எனக்கு இலங்கை வானொலி ஞாபகம் வந்தது. கடலைத் தாண்டி எங்கள் நடவு வயலுக்குத் தெளிவாகக் கேட்கும். ஏ.ஈ.மனோகரனின் பொப்பிசைப் பாட்டுகளுக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியின் மூடியில் தாளம் போட்ட கை இது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லெவான், ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்து கனடாவுக்குப் போனார். அங்கே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்: கிட்டாருக்கு ராபி ராபர்ட்சன், பேஸ் கிட்டாருக்கு ரிக் டான்கோ, பியானோவுக்கு ரிச்சர்ட் மேனுவல், ஆர்கனுக்கு கார்த் ஹட்சன். லெவான் ஒருவர்தான் அமெரிக்கர், மற்ற நாலு பேரும் கனடாக்காரர்கள். 1965-ல் பாப் டிலனுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்கள். நாட்டுப்புறப் பாடகராக இருந்தவர் மின்சார கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டார் என்று ஊர் ஊராகக் கூட்டம் கத்திக் கலாட்டா செய்தது. அதைத் தாங்க முடியாமல் லெவான் பாதியிலேயே விலகினார். மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்குள் இருந்த எண்ணெய்க் கிணற்றில் கூலி வேலை பார்த்தார். மேடையில் அவமானப்பட்டவன் மறுபடி ஸ்டிக்கைத் தொடவே கூசுவான் என்பது எனக்குத் தெரியும். 1967-ல் நண்பர்கள் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தார். குழுவுக்கு 'தி பேண்ட்' என்று பெயர். 1968-ல் வந்தது முதல் இசைத்தட்டு, 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்'.

அதில் உள்ள 'தி வெயிட்' பாட்டை ஒரு தடவை கேளுங்கள். முதலில் கிட்டார். அது முடிந்ததும் கனமாகச் சில அடிகள். அவசரமே கிடையாது. சேற்றில் காலை ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றி நடப்பது மாதிரி இருக்கும். தோலைத் தளர்த்திச் சுருதியை இறக்கி வைத்திருப்பார். தவிலின் தொப்பிப் பக்கத்து 'தொம்' போல உள்ளே போய் விழும் சத்தம். பல்லவி முடியும் இடத்தில் ஒவ்வொரு குரலாக மேலே ஏறி நிற்கும்போது தாளம் ஒதுங்கிக்கொள்கிறது. டிரம்ஸ் மட்டுமே தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் கை அரிக்கும், எதையாவது உருட்டிவிடுவான். அந்த இடத்தில் மூச்சு எடுப்பவரும் அடிப்பவரும் ஒருவரே என்பதால் லெவான் சும்மா இருந்தார். பாடத் தெரிந்த டிரம்ஸ்காரருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உணர்ந்தது இங்கேதான்.

அந்தக் குழுவில் மூன்று பேர் முன்னணியில் பாடுவார்கள். பியானோக்காரர் மேனுவலும் நன்றாக டிரம்ஸ் அடிப்பார். 'ராக் மாமா ராக்' பாட்டுக்கு அவர் டிரம்ஸில் உட்கார, லெவான் மாண்டலின் வாசித்தார். இப்படி இடம் மாறி உட்கார்ந்து வாசிக்கும் குழுவை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

1976 நவம்பர் 25-ல் சான் பிரான்சிஸ்கோவில் குழுவின் பிரியாவிடைக் கச்சேரி. மார்ட்டின் ஸ்கார்செசி அதை 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்று படமாக்கினார். நான் மடியில் வைத்துப் பார்த்தது அதைத்தான். பாட்டுகளில் பெரும்பாலானவை ராபர்ட்சன் எழுதியதாகவே பதிவாகியிருந்தன. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதற்கு ஒருவர் பெயர் மட்டும் ஏன் என்று லெவான் 1993-ல் வந்த தன் சுயசரிதையில் கேட்டார். ராபர்ட்சன் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் தாளம் போட்டவன் பெயர் பாட்டுக்கு அடியில் வருவதில்லை என்ற வருத்தம் எந்த ஊர்க் கச்சேரிக்காரருக்கும் புரியும்.

1990-களின் கடைசியில் லெவானுக்குத் தொண்டைப் புற்றுநோய். 28 தடவை கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பேசினால் கிசுகிசுப்பு மட்டும் வரும். மருத்துவக் கடனில் வீடே கையை விட்டுப் போகும் நிலை. பாடகனாக மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குக் கை இருந்தது. வாயைத் திறக்காமல் செட்டில் உட்கார்ந்து அடித்தார். மகள் ஏமி பாடினாள். 2004 வாக்கில் வுட்ஸ்டாக்கில் இருந்த தன் வீட்டுக் கொட்டகையிலேயே கச்சேரி வைத்துக் கடனை அடைக்க ஆரம்பித்தார். 'மிட்நைட் ராம்பிள்' என்று அதற்குப் பெயர். சின்ன வயதில் ஊருக்கு வந்த கூடாரக் கூத்தில் நள்ளிரவுக்கு மேல் நடக்கும் ஆட்டத்தின் பெயர் அது. அடித்து அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குரலும் திரும்பியது. பழைய குரல் இல்லை. ஓரம் தேய்ந்த, கரகரத்த குரல். 2007-ல் அந்தக் குரலோடு 'டர்ட் ஃபார்மர்' என்ற இசைத்தட்டைப் போட்டார். மண்ணோடு கிடக்கும் விவசாயி என்று பொருள். அப்பா அம்மாவிடம் கற்ற பாட்டுகளும் அதில் உண்டு. அதற்கு கிராமி விருது கிடைத்தது. அடுத்து வந்த இரண்டு தட்டுகளுக்கும் கிடைத்தது. 2012 ஏப்ரல் 19-ல் 71 வயதில் காலமானார். வுட்ஸ்டாக்கில் நண்பர் ரிக் டான்கோவின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

உலகத்தில் இப்படிப் பாடிய டிரம்ஸ்காரர்கள் இன்னும் சிலர் உண்டு. ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் பாடிய டான் ஹென்லி டிரம்ஸ்காரர்தான். ஜெனிசிஸ் குழுவில் பாடகர் விலகியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்தார். கேரன் கார்பென்டரை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. தன்னை டிரம்ஸ்காரி என்றே நினைத்தவர். பெண் முன்னால் நின்று பாடட்டும் என்று செட்டிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 32 வயதில் போய்விட்டார்.

நம் நாட்டில் மும்பையின் ரஞ்சித் பாரோட் இருக்கிறார். கதக் மேதை சிதாரா தேவியின் மகன். டிரம்ஸ் அடிப்பார், பாடுவார், ஜான் மெக்லாக்லின் குழுவில் அடித்துக்கொண்டே, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சொல்வார். அது நம் சொத்து. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்த மண்ணில், பாடம் கேட்கும் பையன் தோலைத் தொடும் முன்பு வாயால் 'த தி தொம் நம்' சொல்லியாக வேண்டும். சொல் வாயில் நின்ற பிறகுதான் கைக்குப் போகும். அப்பா ஒரே மூச்சு என்று சொன்னது இதைத்தான் என்று இப்போது படுகிறது.

எங்கள் பக்கக் கச்சேரிகளில் இப்போது முழு டிரம் செட்டைப் பார்ப்பது அரிது. வண்டி வாடகை மிச்சம் என்று ரிதம் பேடு வந்துவிட்டது. வாசிக்கும் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் தலையைக் குனிந்தபடி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கச்சேரி நடத்துபவர்களுக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வருகிற வைகாசியில் அந்தப் பையன் பக்கத்திலும் ஒரு மைக் வையுங்கள். முதல் பாட்டில் தாளம் கொஞ்சம் ஓடும். பொறுத்துக்கொண்டு, அடுத்த பாட்டையும் அவனுக்கே கொடுங்கள்.