இரண்டு தோணியில் கால்: இரண்டாம் உலக யுத்தமும் துருக்கியின் நடுநிலையும்

சில மாதங்களுக்கு முன் தேத்தண்ணிக் கடையொன்றில் நண்பர்கள் இருவர் தர்க்கித்துக் கொண்டிருந்தார்கள். "ரெண்டாம் உலக யுத்தத்தில துருக்கி ஹிட்லரோடதானே ஒப்பந்தம் செஞ்சது?" என்றார் ஒருவர். "இல்ல, பிரிட்டிஷ்காரனோட" என்றார் மற்றவர். என்னைத் தீர்ப்புக்கு இழுத்தார்கள். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றேன். "மழுப்பாதீங்க" என்று இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அன்று சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

துருக்கி என்றால் நமக்குத் தனி அபிமானம். துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காக 1905இல் குரலெழுப்பிய சமூகம் நாம். துருக்கியே அந்தத் தொப்பியை 1925இல் சட்டம் போட்டுக் கழற்றிய பிறகும் நமது மாப்பிள்ளைமார் அதை விடவில்லை. ஆனால் அபிமானம் ஒரு நாட்டைப் பார்க்க உதவுவதைப் போலவே மறைக்கவும் செய்யும். ஆகவே முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

1939 ஒக்டோபர் 19ஆம் திகதி துருக்கி, பிரித்தானியாவுடனும் பிரான்ஸுடனும் பரஸ்பர உதவி ஒப்பந்தம் செய்தது. யுத்தம் மத்தியதரைக் கடலுக்கு வந்தால் துருக்கி உதவ வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் சோவியத் ஒன்றியத்துடன் போரில் சிக்கவைக்கும் எந்த நடவடிக்கைக்கும் துருக்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றொரு இணைப்பையும் துருக்கியர் எழுதி வாங்கிக் கொண்டார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் உதவி கேட்கப்பட்டது. துருக்கி அந்த இணைப்பை எடுத்துக் காட்டிவிட்டு வெளியே நின்றது.

அடுத்த வருடம் ஜேர்மன் படைகள் பல்கேரியாவுக்கும் கிரேக்கத்துக்கும் வந்து துருக்கியின் வாசலில் நின்றன. 1941 ஜூன் 18ஆம் திகதி துருக்கி ஜேர்மனியுடன் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிரித்தானியாவுடனான பழைய ஒப்பந்தம் கைவிடப்படவுமில்லை. நாலே நாளில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தார். தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னது இப்போது புரியும்.

இரு தரப்புக்கும் துருக்கி ஏன் இவ்வளவு தேவைப்பட்டது? முதலாவது காரணம் இடம். 1936இல் மொன்ட்ரோ உடன்படிக்கை மூலம் பொஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகளின் கட்டுப்பாடு துருக்கியின் கைக்குத் திரும்பியிருந்தது. கருங்கடலின் திறப்பு அவர்களிடம்தான். இரண்டாவது காரணம் குரோம் தாது. கடினமான உருக்குக்குக் குரோம் வேண்டும். உருக்கு இல்லாமல் தாங்கியும் இல்லை, பீரங்கியும் இல்லை. 1940 ஜனவரியில் துருக்கி தன் குரோமை பிரித்தானியாவுக்கும் பிரான்ஸுக்கும் விற்க உடன்பட்டது. 1941 ஒக்டோபரில் ஜேர்மனியுடன் இன்னோர் உடன்பாடு: 1943, 1944 ஆகிய இரு வருடங்களும் தலா 90,000 தொன் வரை. அதுவும் ஜேர்மனி ஆயுதம் அனுப்பினால்தான். எதிரிக்குப் போகும் தாதைக் குறைப்பதற்காகவே நேச நாடுகள் கூடிய விலை கொடுத்து வாங்கின. இரு பக்கமும் ஏலம் கேட்க, விற்பவன் அவசரப்படவில்லை.

இந்த ஏலத்தின் களம் தலைநகர் அங்காரா. ஜேர்மன் தூதுவர் பிரான்ஸ் வொன் பாப்பன், 1932இல் ஜேர்மனியின் பிரதமராக இருந்தவர். பிரித்தானியத் தூதுவர் சேர் ஹியூ நச்புல் ஹியூகஸன். சிறிய ஊர், எதிரிகள் ஒரே தெருவில் நடந்தார்கள். 1942 பெப்ரவரி 24ஆம் திகதி அதாதுர்க் வீதியில் பாப்பனும் மனைவியும் நடந்து போகையில் குண்டு வெடித்தது. குண்டைக் கொண்டு வந்தவன் சிதறினான். பாப்பன் சிறு காயத்துடன் தப்பினார். வழக்கில் சோவியத் பிரஜைகள் இருவருக்கும் தண்டனை கிடைத்தது. மொஸ்கோ குற்றச்சாட்டை மறுத்தது.

1943 ஒக்டோபரிலிருந்து இன்னொரு கூத்து. பிரித்தானியத் தூதுவரின் வீட்டுப் பணியாளர் எலியாசா பஸ்னா, எசமானின் இரகசிய ஆவணங்களைப் படம் பிடித்து ஜேர்மனியருக்கு விற்றார். 'சிசரோ' என்பது அவருக்கு ஜேர்மனியர் வைத்த பெயர். கைமாறியது ஏறத்தாழ மூன்று இலட்சம் பவுண். யுத்தம் முடிந்த பிறகுதான் அதில் பெரும்பகுதி ஜேர்மனி அச்சடித்த கள்ள நோட்டு என்று தெரிய வந்தது.

ஜனாதிபதி இஸ்மத் இனோனு முதலாம் உலக யுத்தத்தை நேரில் கண்ட படைத் தளபதி. ஒரு பக்கம் சேர்ந்து போய் ஒட்டோமான் பேரரசு அழிந்ததைப் பார்த்தவர். 1943 ஜனவரி கடைசியில் சேர்ச்சில் அதானாவுக்கு அருகே ரயில் பெட்டியொன்றில் வைத்து அவரைச் சந்தித்தார். டிசம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து வற்புறுத்தினார். இனோனு மாட்டேன் என்று சொல்லவில்லை. 'வருகிறோம், முதலில் ஆயுதம் தாருங்கள்' என்ற பட்டியலை நீட்டினார். அவருக்குக் காதும் சற்று மந்தம். கேட்க விரும்பாதது அவருக்குக் கேட்பதில்லை என்று கதை சொல்வார்கள். ஜேர்மனியின் தோல்வி தெளிவான பிறகு, 1944 ஏப்ரலில் குரோம் நின்றது. ஓகஸ்ட் 2இல் ஜேர்மனியுடன் இராஜதந்திர உறவு முறிந்தது. 1945 பெப்ரவரி 23இல் யுத்தப் பிரகடனம் வந்தது. மார்ச் 1க்கு முன் பிரகடனம் செய்தோருக்குத்தான் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஆசனம். ஐக்கிய நாடுகள் சபையின் ஸ்தாபக உறுப்பினர்களில் துருக்கியும் ஒன்றாயிற்று.

கெட்டித்தனம் மட்டும்தான் காரணமா? பக்கத்து நாடான ஈரானைப் பாருங்கள். அதுவும் 1939இலேயே நடுநிலை என்று அறிவித்தது. 1941 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியப் படை ஒரு பக்கமும் சோவியத் படை மறு பக்கமுமாக உள்ளே நுழைந்தன. மூன்று வாரத்தில் ரேஸா ஷா முடி துறந்தார். ஜூனில் ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கியதும் ஈரானின் இரு பக்கத்திலும் இருந்தவர்கள் கூட்டாளிகளாகிவிட்டார்கள். பேரம் பேச எதிரெதிர் ஆட்கள் இல்லை. துருக்கிக்கோ ஒரு எல்லையில் ஜேர்மனி, மறு எல்லைகளில் நேச நாடுகள். மற்றவனிடம் போய்விடுவானோ என்ற பயம் இரு தரப்புக்கும் இருக்கும் வரைதான் நடுவில் நிற்பவனுக்கு மதிப்பு. நடுநிலை என்ற வார்த்தை தனியே யாரையும் காப்பாற்றியதில்லை.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. செலவுக் கணக்கு வேறு. போரில் இறங்காவிட்டாலும் துருக்கி ஏறத்தாழ 10 இலட்சம் பேரை ஆயுதத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. வயல்களில் ஆள் இல்லை. 1942இல் இஸ்தான்புல்லில் பாணுக்குக் கூப்பன். அந்த வருடம் நவம்பர் 11ஆம் திகதி சொத்து வரிச் சட்டம் வந்தது. கொள்ளை இலாபக்காரரிடம் அறவிடுவதாகச் சொல்லப்பட்டது. பட்டியலோ ஆளின் மதத்தைப் பார்த்துத் தயாரானது. முஸ்லிம்களுக்கு ஒன்று, கிரேக்க, ஆர்மீனிய, யூத மக்களுக்கு வேறொன்று. முன்னோர் யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களான 'தோன்மே'களுக்கும் தனிப் பட்டியல் இருந்தது என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். ஒரே அளவு வியாபாரத்துக்கு முஸ்லிம் அல்லாதவர் பல மடங்கு கட்ட வேண்டியிருந்தது. மேன்முறையீடு இல்லை. கட்ட முடியாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அஷ்கலே என்ற குளிர்ப் பிரதேசத்துக்குக் கல்லுடைக்க அனுப்பப்பட்டார்கள். அவர்களில் முஸ்லிம் எவரும் இல்லை. சிலர் அங்கேயே இறந்தார்கள். 1944 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது. போன கடைகள் திரும்பவில்லை.

இன்னொன்று. ருமேனியாவிலிருந்து 760க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு 'ஸ்ட்ரூமா' என்ற பழைய கப்பல் 1941 டிசம்பர் 15ஆம் திகதி இயந்திரம் பழுதாகி இஸ்தான்புல்லை அடைந்தது. பலஸ்தீனத்துக்கு அனுமதிக்க முடியாது என்றது பிரித்தானியா. இங்கே இறக்க முடியாது என்றது துருக்கி. பத்து வாரத்துக்குப் பிறகு, ஓடாத இயந்திரத்தோடு கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துப் போய் விட்டார்கள். மறுநாள் காலை சோவியத் நீர்மூழ்கி அதைத் தகர்த்தது. பிழைத்தவர் ஒருவர். அந்தத் திகதி 1942 பெப்ரவரி 24. அங்காராவில் பாப்பன் உயிர் தப்பிய அதே நாள். பலஸ்தீன அரபு மக்களின் நியாயம் நமக்குத் தெரியும். கடலில் விடப்பட்ட பிள்ளைகளின் கணக்கை அதைக் காட்டித் தீர்க்க முடியாது. இதே துருக்கிதான் 1933 முதல் ஹிட்லர் விரட்டிய பேராசிரியர்களுக்கு இடம் கொடுத்தது. எரிக் அவுர்பாக் தமது 'மிமேசிஸ்' என்ற இலக்கிய ஆய்வை இஸ்தான்புல்லில் இருந்துதான் எழுதினார். இரண்டும் உண்மை.

இனோனுவின் சாமர்த்தியத்தை ஒரு முஸ்லிம் வாசகனாக இரசித்துப் படித்தவன்தான் நான். ஆனால் நான் இந்த நாட்டில் சிறுபான்மையினன். இரு தரப்புக்கும் இடையில் நின்று மத்தளம் போல அடி வாங்குவது என்னவென்று 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஓர் உடுப்போடு விரட்டப்பட்ட நம் மக்களுக்குத் தெரியும். அதனால் அங்காராவின் விருந்து மண்டபத்தில் நிற்பதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. என் இடம் அஷ்கலேயில், கல்லுடைக்கும் வியாபாரியின் பக்கத்தில்.

நாடுகள் நடுநிலை வகிக்கட்டும். வல்லரசுகள் போட்டியிடும் கடலில் கிடக்கும் நமது தீவுக்கும் அது தேவையான கலைதான். அப்படி நிற்கும்போது கணக்கு யாருடைய தலையில் எழுதப்படுகிறது என்று கேட்பவர்களாக நாம் இருக்க வேண்டும். எழுதுபவன் நம்மவனாக இருந்தாலும் கேட்க வேண்டும்.