முள் ஒரு பக்கம், நிலையம் ஒரு பக்கம்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ இருக்கிறதா? ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பலர் இலங்கை வானொலியைக் கேட்டது அதன் சிற்றலையில்தான். இன்று அதை இயக்கினால், 9.6 மெகாஹெர்ட்சில் ஒலிக்க வேண்டிய நிலையம், முள் 9.9-இல் நிற்கும்போது கேட்கலாம். ஏன் இந்தக் கோளாறு?

இத்தகைய ரேடியோக்கள் பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த முறையில் இயங்குபவை. ரேடியோவுக்குள் இருக்கும் அலையியற்றி தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. அதன் அதிர்வெண் நிலையத்தினுடையதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதல். இரண்டும் கலந்ததும் வித்தியாசமான 455 கிலோஹெர்ட்ஸ் பிறக்கிறது. எந்த நிலையமானாலும் அடுத்த பகுதி பெருக்குவது இந்த ஓர் அதிர்வெண்ணைத்தான். இதுவே இடைநிலை அதிர்வெண். (சில ரேடியோக்களில் இந்த எண் சற்று மாறும், சுற்றுப்படத்தில் காணலாம்.)

இனி, மருத்துவரைப் போல நோயை ஆராய்வோம்.

மத்திய அலையிலும் சிற்றலையிலும் நிலையங்கள் ஒரே அளவு தள்ளி வருகின்றனவா? முள்ளை இழுக்கும் நூல் நழுவியிருக்கலாம். திருகைத் தொட வேண்டாம்!

மத்திய அலை சரியாக இருந்து, சிற்றலை மட்டும் தள்ளி வருகிறதா? சிற்றலைக்கான அலையியற்றிச் சுருளையோ டிரிம்மரையோ சந்தேகியுங்கள்.

இடம் சரி, ஆனால் எல்லா அலைவரிசையிலும் ஒலி மெலிவா? முதலில் வால்வுகளையும் கண்டன்சர்களையும் சோதிக்க வேண்டும். அவை நன்றாக இருந்தால் ஐ.எப். டிரான்ஸ்பார்மர்களின் இசைவு கெட்டிருக்கலாம்.

11.9 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 10.99-இலும் கேட்கிறதா? அது நிழல் நிலையம். அங்கே அலையியற்றி 11.445-இல் இருக்கும்; 11.9-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசமும் 455 கிலோஹெர்ட்ஸ்தானே! ஏரியல் சுருளைச் சரியாக இசைத்தால் நிழல் மெலியும்.

சீரமைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஐ.எப்., பிறகு அலையியற்றி, கடைசியில் ஏரியல் சுருள். அலைவரிசையின் மேல்கோடியில் டிரிம்மரையும், கீழ்கோடியில் சுருளின் உள்ளகத்தையும் திருக வேண்டும். காரணம், மேல்கோடியில் கேங் கண்டன்சரின் மின்தேக்குதிறன் மிகக் குறைவு. டிரிம்மரின் சிறு மாற்றமும் அங்கே பெரிதாகத் தெரியும். கீழ்கோடியில் அது எடுபடாது. ஆனாலும் ஒன்று மற்றதைச் சிறிது அசைக்கும். ஆகவே இரண்டையும் மாறிமாறி இரண்டு மூன்று முறை சரிபார்க்க வேண்டும்.

இரும்புத் திருப்புளி ஆகாது. அதன் அருகாமையே சுருளின் தூண்டலை மாற்றிவிடும். எடுத்ததும் இசைவு மறுபடி கெடும். பிளாஸ்டிக் திருப்புளியே ஏற்றது. திருகு இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். உள்ளகம் உடைந்தால் அதே போன்றது கிடைப்பது அரிது.

ஓர் எச்சரிக்கை! வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. நிறுத்திய பிறகும் கண்டன்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சில ரேடியோக்களில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். ஆகவே நோயைக் கண்டறிவது உங்கள் வேலை. மூடியைத் திறப்பது அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்கின் முன்னிலையில் மட்டுமே.

இன்று இரவு முள்ளை நகர்த்தி, எந்த நிலையம் எங்கே கேட்கிறது என்று குறித்துப் பாருங்கள். பாதிச் சிகிச்சை அந்தத் தாளிலேயே இருக்கும்!